மூன்றாவது நாமம்

ஊரப்பாக்கம்
12-1-1998

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவரின் ஐக்கியத்தில் என்னோடு சேர்ந்திருக்கிற தங்கை பாப்பாவுக்கு,

1997 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரம் கடலோரம் இருந்தவர்கள்: பாஸ்டர் ஞானதாஸ், வரதன் தம்பியின் கையைப் பிடித்திருந்த தேவசகாயம், ஞானஸ்நானம் எடுத்த உன் வீட்டுக்காரர் வரதன் தம்பி, துண்டோடு நின்ற ஆராயி, நீ, நான், உங்க மாமா. ஆக ஏழு பேர். சபைக் குறிப்பு நோட்டில் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பாஸ்டர் "பிதா, குமாரன்" என்று சொல்லும்போதே பெரிய அலை வந்து மூன்று பேரையும் உருட்டிவிட்டது. எழுந்ததும் எல்லாரும் சிரித்தோம், அல்லேலூயா சொன்னோம். பரிசுத்த ஆவியின் நாமம் சொல்லப்படவே இல்லை. போன வாரம் பாஸ்டரிடம் நோட்டைக் காட்டினேன். "ஆமாம்மா, வாயெல்லாம் உப்புத்தண்ணி, அப்படியே வுட்டுட்டேன்" என்று ஒத்துக்கொண்டார்.

ஆகையால் அந்த ஞானஸ்நானம் நிறைவானதில்லை. மறுபடியும் மூழ்கி எழும்வரை தம்பிக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது, மூப்பர் பொறுப்பும் நிறுத்தி வைக்கப்படும். வருத்தப்படாதே. சத்தியம் முதலில் கசக்கும்.

அன்புள்ள அக்கா,
பிரிசில்லா

மாமல்லபுரம்
19-1-1998

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். சிரித்ததும் இருமல் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் விடவில்லை. "அலைக்கு இன்னா தெரியும், அது பாட்டுக்கு வந்துச்சி. அதுக்கும் ஒரு நோட்டு போட்டு வெச்சிகினு கீறாங்களே உங்கக்கா" என்றார்.

செங்கல்பட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். பட்டறையில் கல் செதுக்கின தூசி நெஞ்சு முழுக்கப் படிந்திருக்கிறதாம். குளிர்ந்த தண்ணீரே ஆகாது, சளி கட்டினால் தாங்க மாட்டார் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பாஸ்டர் வீட்டுக்கே வந்து ஒரு சொம்பு வெந்நீர் தலையில் ஊற்றி மூன்று நாமத்தையும் சொல்லக் கூடாதா? நீ சொன்னால் கேட்பார்.

ஒன்று சொல்கிறேன். நேற்று மூச்சுக்குத் தவித்துவிட்டு அவர் சொன்னார்: "என்னால முடியாதப்போ எனக்குப் பதிலா யாரோ உள்ளே மூச்சு வுட்டுகினு கீறாங்க, பாப்பா. அது ஆவியானவர் இல்லாட்டி பின்ன யாரு?" எனக்கு அழுகை வந்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று ஆவியானவர் கோபித்துக்கொண்டு வெளியே நின்றாரா அக்கா?

பதினோரு மாதம் உன் நோட்டில் தூங்கினது இப்போது ஏன் எழுந்தது? அதை எழுது.

உன் தங்கை,
பாப்பா

ஊரப்பாக்கம்
22-1-1998

அன்புள்ள பாப்பாவுக்கு,

சொம்பில் ஊற்றுவது நம் சபை வழக்கத்தில் இல்லை. கிறிஸ்துவோடு முழுதாக அடக்கம் பண்ணப்பட்டு எழுவதுதான் ஞானஸ்நானம். பாஸ்டரிடம் நான் கேட்கப்போவதும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது தாண்டாதவள். வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் இதைக் கற்றேன். காலையில் முழங்காலில் நிற்கும்போது பிதாவை நான் கூப்பிடுவதில்லை. குமாரன் என் பக்கத்தில் நின்று கூப்பிடுகிறார். அப்படிக் கூப்பிடுகிற அன்பே ஆவியானவர். அவர்கள் மூவரும் ஒருவருக்குள் ஒருவர் வாழ்கிற அந்த இடத்தில் எனக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு உன் புருஷன் அரைகுறையாக வரலாமா?

இருமலுக்குப் பயந்து அவருடைய ஆத்துமாவைக் குறையாக வைக்காதே. அப்படியே கண்ணை மூடிவிட்டால் நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு என்னிடம் வராதே. ஏன் இப்போது என்று கேட்டாய். சத்தியத்துக்குக் காலநேரம் இல்லை.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கடற்கரைக்கு வருகிறோம். இதைத் தம்பிக்குக் கட்டாயம் படித்துக் காட்டு.

அக்கா,
பிரிசில்லா

மாமல்லபுரம்
6-2-1998

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். ஞாயிறு காலை அவரே கஞ்சிக்கு அரிசி எடுக்கப் போய்ப் பார்த்துவிட்டார். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துச் சட்டையைப் போட்டுக்கொண்டார். "வாணாம், டாக்டர் இன்னா சொன்னாருன்னு தெரியாதா?" என்று காலைப் பிடித்தேன். "தெரியும். உங்கக்கா எனக்காகத்தான பேஜார் படுறாங்க. அவங்க மனசு நோவக் கூடாது. ஒரு முழுக்குதானே" என்றார்.

மீதியை நீயே பார்த்தாய். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கரையில் நின்றாய். பாஸ்டர் மூன்று நாமத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நீ தலையாட்டினாய். முழுகி எழுந்தவருக்கு உதடு நீலமாகியிருந்தது, அதையும் நோட்டில் எழுதினாயா?

சாயந்தரமே காய்ச்சல். புதன்கிழமை போய்விட்டார். அடக்கத்தில் நீ என் கையைப் பிடித்தபோது உதறினேனே, துக்கத்தில் உதறினேன் என்று ஆராயி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். துக்கத்தில் இல்லை.

திரித்துவம் திரித்துவம் என்பாயே. பாஸ்டர், நீ, உன் நோட்டு. நீங்கள் மூன்று பேரும் நன்றாக ஒன்றாகிவிட்டீர்கள். அங்கே எனக்கு இடம் வேண்டாம்.

கேட்டதற்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லை. ஏன் இப்போது? அதை எழுதுவதானால் எழுது. மற்றதெல்லாம் வேண்டாம்.

பாப்பா

ஊரப்பாக்கம்
11-2-1998

பாப்பாவுக்கு,

பதில் எழுதுகிறேன்.

ஜனவரி 4-ஆம் தேதி ஆராதனை முடிவில் புதிய மூப்பர் பெயரைப் பாஸ்டர் வாசித்தார். உங்க மாமாவுக்குத்தான் என்று நினைத்து நான் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தேன். பதினாறு வருஷம் சபைக்குப் பாய் விரித்தவர். வரதன் பெயரை வாசித்தார்கள். "நம்ம தம்பிடி!" என்று முதலில் கை தட்டியது உங்க மாமாதான். என் கை எழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு கூட வடிக்காமல் நோட்டை எடுத்தேன்.

நோட்டில் இருந்தது பொய்யில்லை. ஆனால் டாக்டர் சொன்னதை நீ எழுதிய பிறகு ஒரு கணக்குப் போட்டேன். இந்த இருமலோடு தம்பி தண்ணீரில் இறங்க மாட்டார், பொறுப்பு தானாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும் என்று. கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுதியது நீங்கள் கோபித்துக்கொண்டு சபையை விட்டே போய்விடட்டும் என்றுதான். எனக்காக இறங்குவார் என்று நான் நினைக்கவில்லை.

பிதா தமக்குள்ள எல்லாவற்றையும் குமாரனுக்குக் கொடுத்தார். குமாரன் ஒன்றையும் தமக்கென்று பிடித்து வைக்கவில்லை. எத்தனை பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! என் மனம் நோகக் கூடாதென்று தண்ணீரில் இறங்கியவர்தான் அந்த மூவரின் இடத்தில் வாழ்ந்திருக்கிறார். இப்போது முழங்காலில் நிற்கிறேன், சுவர்தான் தெரிகிறது.

போன ஞாயிறு உங்க மாமாவை மூப்பராக அறிவித்துவிட்டார்கள். அவருக்கு இது ஒன்றும் தெரியாது. தம்பி இருந்த இடத்துக்குத் தனக்கு அருகதை இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். 22-ஆம் தேதி அவர் தலையில் கை வைத்து ஜெபிக்கப்போகிறார்கள். தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

இந்தக் கடிதத்தில் எழுதியதைச் சபை நடுவில் நின்று நான் சொல்லட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். இதை உன்னிடம் கேட்பதே கொடுமை என்று தெரிகிறது. எனக்குத் தனியாகத் தைரியம் இல்லை.

21-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி பதில் எழுது.

பிரிசில்லா