சிவப்புக் கயிறு கட்டிய பக்கம்

என் அன்பு மச்சான் முனுசாமி, எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடு.

ஏழுமலைதான். நானே என் கையால் எழுதுகிறேன். பெங்களூர் ஈஜிபுராவில் நம் தெரு முனைச் சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் பெண்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறதே, அதில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது 'ழ' வராதவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். என் பெயரிலேயே அது இருப்பதால் கை பழகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம், போ.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "கிழவனுக்கு சிலேட்டு ஒரு கேடா" என்றா? இல்லை, நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயா? தெரியவில்லை. இப்போதெல்லாம் உன் விஷயத்தில் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

உன் வண்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன். காப்பி எஸ்டேட்காரர் உன் வீட்டு வாசலில் இருக்கும் நம் பட்டறையில் விட்டுவிட்டுப் போன அந்த, பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிறது என்று நீ தெருவெல்லாம் பெருமை பேசிய வண்டி. எஞ்சினின் இரண்டு பக்கத்துப் புகைக்குழாய் மேனிபோல்டும் வெடித்துப் புகை கசிகிறது, மாற்ற வேண்டும் என்றாய். நான் கிருஷ்ணகிரிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் நீயே தனியாகக் கழற்றினாய். நான் திரும்பி வருவதற்குள் நெஞ்சு வலி வந்து நீ போய்விட்டாய். வண்டி திறந்த பானெட்டோடு அப்படியே நின்றது.

அன்றிலிருந்து உன் வீட்டுக்காரி சரோஜா தினமும் சாயங்காலம் டம்ளரில் டீயோடு போய் அந்த வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். வீட்டில் நாற்காலி இல்லையா என்று உன் மகள் கவிதா கேட்டாள். "உங்கப்பா இந்த சீட்டுக்குத்தான்டி நல்ல ஸ்பாஞ்சு போட்டாரு. வீட்டுச் சேருக்கு எங்க போட்டாரு?" என்றாள் சரோஜா. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஆனால் வீட்டு ஓனர் கேட்டார். அவருக்கு அந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும். "ஏழுமலை அவரே, காடி ஓடுத்தா, இல்வா?" ஓடுமா ஓடாதா, அவருக்கு அவ்வளவுதான் வேண்டும்.

கவிதா ஆபீஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, எஃப்.சி. முடியப் போகுது. புகை டெஸ்ட் பாஸ் ஆகலேன்னா பழைய இரும்புக்குத்தான் போடணும். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"நான் எதுக்கு சொல்லணும்? நான் ஓட்டிக் காட்டறேன் பாரு" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நீ இல்லாமல் நான் எந்த எஞ்சினைத் தொட்டிருக்கிறேன்?

மேனிபோல்டு இரண்டையும் புதிதாக வாங்கினேன். அதோடு குழாய்க்கு ஒன்றாக ஆக்ஸிஜன் சென்சாரும் ஜோடியாக, ஒரே கம்பெனியில். ஒன்று புதுசு ஒன்று பழசு என்று போட்டால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்று நீதானே சொல்வாய். துருப்பிடித்த ஸ்டட் போல்ட்டுகளை டீசலில் ஊறவைத்து, கெஞ்சி, திட்டிக் கழற்றினேன். குழாய்கள் ஒழுங்காக உட்கார்ந்தன. சென்சார்களும் ஏறின. எஞ்சினுக்குப் பின்னால் வரும் இரண்டு ஒயர்களில் அவற்றைச் செருகுவதுதான் பாக்கி.

அங்கேதான் நீ என்னைக் குழப்பினாய். இரண்டு சாக்கெட்டும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். ஒயர் நிறமெல்லாம் வெந்து ஒரே கறுப்பு. ஒன்றில் மட்டும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தாய்.

மற்ற பட்டறைகளில் டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்பார்கள். நமக்கு எப்போதும் உன் பக்கம், என் பக்கம்தான். டிரைவர் பக்கம் நீ நிற்பாய், எதிரே நான். பானெட்டைத் திறந்தால் கால் தானாக அங்கே போய்விடும். கயிற்றைப் பார்த்ததும் எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. நான் ஊரில் இல்லை, வந்து பார்த்தால் தடுமாறுவேன் என்று என் பக்கத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். என் பக்கத்துச் சென்சாரைக் கயிறு கட்டியதில் செருகினேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் அப்படி ஓடியது! சீட்டில் உட்கார்ந்திருந்த சரோஜாவின் டம்ளரில் டீ அசையவில்லை. நான் கைதட்டினேன். எஞ்சின் சூடானதும் வண்டி குளிர் ஜுரம் வந்தது போல நடுங்க ஆரம்பித்தது. டீ முழுவதும் அவள் புடவையில்.

"என்னண்ணா இது, உங்க மச்சான் மாதிரியே கிண்டல் பண்ணுது" என்றாள்.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளை. மறுநாளும் ஆறிய எஞ்சின் நன்றாக ஓடும், சூடானால் நடுங்கும். கவிதா ஸ்கேனர் ஒன்றை மாட்டிப் போனில் பார்த்தாள்.

"சென்சார் ரெண்டும் வேலை செய்யுது மாமா. ஆனா வண்டிதான் சரியில்ல."

"எனக்கும் அப்படித்தான்மா இருக்கு. எல்லாம் வேலை செய்யுது, ஒண்ணும் புரியல."

கையில் அந்தச் சிவப்புக் கயிற்றைப் பிடித்தபடி, "கோயில் கயிறா சரோஜா இது?" என்று சும்மா கேட்டேன். அவள் என் கையிலிருந்த கயிற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு சீட்டை விட்டு இறங்கி வந்தாள்.

"நான்தான் குடுத்தேன்ணா. இதக் கழட்டுன அன்னிக்கு வண்டி முன்னாடியே ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் உள்ள வந்து, 'சரோஜா, நான் எந்தப் பக்கம் நிப்பேன்'னு கேட்டாரு. வெளையாடறாருன்னு சிரிச்சேன். முகத்தப் பாத்ததும் சிரிப்பு போயிடுச்சு. கைய புடிச்சுக் கூட்டிட்டு வந்து டிரைவர் பக்கம் நிக்க வெச்சேன். அப்பதான் கயிறு கேட்டாரு. 'இது என் பக்கம், மறந்துடக் கூடாது'ன்னு சொல்லிக்கிட்டே கட்டினாரு."

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதன்னாரு."

கவிதா போனைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கும் அது தெரியாது போலிருக்கிறது.

அந்தக் கயிறு எனக்காகக் கட்டியது இல்லை, உனக்காகக் கட்டியது. நான் இரண்டு ஒயரையும் மாற்றிச் செருகியிருக்கிறேன். குழாய்க்குள் சென்சார் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூட்டு, குறை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எஞ்சின் சூடாகும் வரை கம்ப்யூட்டர் அதன் பேச்சைக் கேட்காது. சூடான பிறகு கேட்டது. உன் பக்கம் பசி என்று சொன்னதற்கு என் பக்கத்துக்குச் சோறு போட்டது. போடப் போட உன் பக்கம் இன்னும் பட்டினி.

மாற்றிப் போட்டேன். சூடான பிறகும் டீ அசையவில்லை. புகை டெஸ்டும் பாஸ். ஓனருக்கு ஓட்டியே காட்டினேன். சரோஜா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் மச்சான். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. எப்போதிலிருந்து உனக்கு அப்படி ஆனது? முதுகு வலிக்கிறது, நீயே ரெண்டு பக்கமும் பாத்துக்கோ என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாயே, அது முதுகு வலிதானா? என் பெயரைச் சொல்லாமல் "டேய், டேய்" என்று கூப்பிட்டதெல்லாம் செல்லம் என்று நினைத்தேன். செல்லமா, பெயர் வரவில்லையா? நேர் எதிரே நின்ற எனக்கு ஏன் தெரியாமல் போனது?

கயிற்றை அவிழ்க்கவில்லை. அதற்கு மேல் ஒரு டேப் ஒட்டி, 'முனுசாமி பக்கம்' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்து ஒயரில் 'ஏழுமலை பக்கம்'. எழுத்து கொஞ்சம் கோணல்தான், ஆனால் யார் வந்தாலும் படிக்கலாம்.

ஒரு சத்தியம் செய்கிறேன். நானும் ஒரு நாள் வண்டி முன்னால் அப்படி நிற்கலாம். அன்றைக்கு மறைக்க மாட்டேன். கவிதாவைக் கூப்பிட்டு, "நான் எந்தப் பக்கம்மா?" என்று சத்தமாகக் கேட்பேன்.

இப்போதைக்கு உன் எதிர்ப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

உன் மச்சான்,
ஏழுமலை