போட்டோவில் என் கை இருக்கும் இடம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீ, மருமகள், சின்னவன் மூன்று பேரும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். வழக்கம்போல முதலில் பிள்ளைகள் விஷயம். உன் தங்கையின் மூத்தவள் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷமும் பாஸ் பண்ணிவிட்டாள், அவள் ஊசி போட்டால் குழந்தைகள் அழுவதே இல்லையாம், பெரிய டாக்டரே கூப்பிட்டுச் சொன்னாராம். இளையவன் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த நீச்சல் போட்டியில் இரண்டாவது வந்தான், முதலாவது வந்தவன் இவனைவிட இரண்டு வயது பெரியவன், அதனால் இவன்தான் முதலாவது என்று நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். உன் சின்னவன் வரைந்த படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள் என்று மருமகள் போனில் சொன்னாள் இல்லையா, அதைக் கண்காட்சியில் வைத்தார்கள் என்று மாடிவீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன், அவளும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டாள். என் குணம் உனக்குத் தெரியாததா. உள்ளங்கை அளவு இருந்தால் நான் ஊர் அளவுக்கு ஆக்கிவிடுவேன். எப்போதும் எல்லாருக்கும் முன்னால் நான் யாரைப் பற்றி எழுதுவேனோ அவளை, உன் மகளை, நம் பொடிசை, இந்தத் தடவை கடைசியில் வைத்திருக்கிறேன். அது ஏன் என்று சொல்லத்தான் தம்பி இந்தக் கடிதமே.

போனில் சொல்லியிருக்கலாம். நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். எழுதிவிட்டால் பின்னால் நான் மாற்றிச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன், இரண்டு தாளைக் கிழித்தும் போட்டேன். போன மாதம் உனக்கு ஒரு போட்டோ அனுப்பினேன் இல்லையா, பொடிசு வேலை பார்க்கிற பட்டறையில் அந்தப் பெரிய இரும்பு வளையத்துக்கு முன்னால் நானும் அவளும் தையல்காரியும் இன்னும் இரண்டு பேரும் நிற்பது, அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படி. அதோடு அனுப்பிய கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. காற்றாலைக்குப் போகிற வளையம், ஆள் உயரத்துக்குமேல் அகலம், இந்தப் பட்டறையில் இதுவரை இத்தனை பெரியது வந்ததில்லை, அதைக் கடைந்தது உன் மகள், வயது இருபத்து நாலு, என்று எழுதினேன். எல்லாரும் சிரிக்கிறார்கள், உன் மகள் மட்டும் உம்மென்று நிற்கிறாள், போட்டோக்காரர் நாலு தடவை சொல்லியும் சிரிக்கவில்லை, உன்னை மாதிரியே பிடிவாதம் என்றும் எழுதினேன்.

நீ அந்த மெஷினைப் பார்த்ததில்லை, கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் என் தப்பின் அளவு உனக்குப் புரியாது. மற்ற லேத்தெல்லாம் படுக்கையில் சுற்றும், இது நின்று சுற்றுவது. கீழே ஒரு பெரிய இரும்புத் தட்டு, அதன்மேல் வளையத்தைக் கிரேனில் இறக்கி நாலு பக்கமும் கடித்துப் பிடிக்க வைப்பார்கள், தட்டு சுற்றும், மேலே இருந்து உளி இறங்கிச் சீவும், சீவலெல்லாம் நீலம் பாரித்த சுருளாக விழும். எங்கே எவ்வளவு இறங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுப்பதும், அளந்து பார்த்துத் திருத்துவதும் பொடிசின் வேலை. வேறு ஊரில் சுத்தியலால் அடித்து உருவாக்கி அனுப்புகிற அந்த முரட்டு இரும்பு வந்து சேரவே மூன்று மாதம் ஆகுமாம். முரட்டு வெட்டு வெட்டும்போது வளையம் சூடாகிக் கொஞ்சம் பெருத்துவிடும். அதனால் கடைசி வெட்டுக்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க ஆறப் போட வேண்டும், ஆறிய பிறகுதான் அளக்கவே வேண்டும். சூட்டில் அளந்து வெட்டினால் அப்போது சரியாகத்தான் இருக்கும், ஆறினதும் சுருங்கிச் சைஸ் குறைந்துவிடும். குறைந்ததை யாரும் ஒட்டி வைக்க முடியாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால் பொடிசு அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே என்னிடம் சொன்னாள். நான் தெரியாமல் செய்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

வளையம் சனிக்கிழமை மத்தியானம் லாரி ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும், அதற்குள் அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஃபோர்மேனிடம் பத்து நிமிஷம் அனுமதி கேட்டது, போட்டோக்காரரை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னது, தையல்காரியையும் மற்றவர்களையும் கூப்பிட்டது எல்லாம் நான்தான், பொடிசைக் கேட்கவே இல்லை. அவளிடம் சொன்னபோது, வெள்ளிக்கிழமை வந்தா கரடுமுரடாத்தான் இருக்கும் பாட்டி, பளபளப்பெல்லாம் சனிக்கிழமை காலையிலதான் வரும், அப்ப வாயேன் என்றாள். சனிக்கிழமை போட்டோக்காரருக்கு வேறு வேலை. நான் எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கண்ணாடி மாதிரி முகம் தெரியும் என்றல்லவா சொல்லியிருக்கிறேன், துருப்பிடித்த மாதிரி ஒன்றைக் காட்டி என் மானத்தை வாங்காதே, ஒரு நாள் முன்னால் முடித்தால் இரும்பு கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டேன். கேட்டதோடு விட்டேனா, ராத்திரிச் சாப்பாட்டில் பேசவில்லை, வெள்ளிக்கிழமை காலையில் அவள் கிளம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளும் டிபன் பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் ஃபோர்மேன் வெளிவேலையாகப் போயிருந்தார், சூடு பார்க்கிற கருவி அவர் அறையில் பூட்டிக் கிடந்தது. இவள் கையால் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது, மிச்சம் இருந்தாலும் கொஞ்சம்தான் என்று நினைத்து அந்தக் கொஞ்சத்துக்கும் கணக்குப் போட்டு, இரண்டு மணிக்குக் கடைசி வெட்டை வெட்டிவிட்டாள். காலையிலிருந்து சுடுசுருளும் உளிமேல் ஊற்றி வெந்நீர்மாதிரி ஆகிவிடுகிற எண்ணெய்த் தண்ணீருமாகப் புழங்கின கை. கையே சூடாக இருந்தால் இரும்பின் சூடு எப்படித் தெரியும்.

நாங்கள் நாலு மணிக்குப் போனோம். வளையம் நான் சொன்னதைவிடப் பளபளப்பாக இருந்தது, தையல்காரி தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டாள், ஏண்டி இது என்ன உன் வீட்டுப் பீரோவா என்று கேலி பண்ணினேன். போட்டோக்காரர் பாட்டி சும்மா நிற்காதீங்க, வளையத்தைப் பிடிச்ச மாதிரி நில்லுங்க என்றார். வாசல் குழாயில் அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருந்தேன். வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். இஸ்திரி போட்டு மடித்த துணி மாதிரி இருந்தது. அட, வெதுவெதுன்னு நல்லா இருக்கே என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அந்த நேரம்தான் அவர் பட்டனை அமுக்கினார். இப்போது போட்டோவைப் பார் தம்பி. பொடிசு கேமராவைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்க்கிறாள். உம்மென்று இருக்கிறாள் என்று எழுதினேனே, அது உம்மென்று இருக்கிற முகமா, நீயே சொல். நான் அவளை வளர்த்தவள், நீ என்னிடம் விட்டுப் போன ஏழு வயதிலிருந்து, எனக்கு அது தெரியவில்லை. அந்த இரும்பு என் கையிலேயே சொன்னது, நான் அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஃபோர்மேன் வருவதற்கு முன்னாலேயே அவள் போய் அளந்திருக்கிறாள். ஒரு தலைமுடிக் கனத்துக்குமேல் குறைந்திருந்தது. பாதி முடிக் கனம் வரைக்கும்தான் பொறுப்பார்களாம். அளவெழுதின தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று, ஆறறதுக்குள்ள வெட்டிட்டேன் சார், என் தப்பு என்று சொன்னாளாம். வளையம் ரிஜெக்ட், லாரி வெறும் லாரியாகத் திரும்பியது, அவளை மெஷினிலிருந்து எடுத்து ஓரத்தில் பிசிறு தேய்க்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். அதே சனிக்கிழமை நான் தபாலாபீஸுக்குப் போய் உனக்கு அந்தப் போட்டோவை அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை கிரேன் ஓட்டுகிறவர் காய்கறிக் கடையில் என்னைப் பார்த்து, என்ன பாட்டி பேத்தி இப்படிப் பண்ணிட்டாளே, என்ன அவசரமோ என்றார். என்ன அவசரம் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். வாங்கின காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குமேல் எழுதத்தான் இரண்டு தாள் கிழிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். அவள் உன்னிடம் வளையம் கெட்டுப்போனதையும் தன்னை மெஷினிலிருந்து எடுத்துவிட்டதையும் மட்டும் சொன்னாள். நீ போட்ட சத்தம் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. பொறுப்பில்லாதவள், உனக்கெல்லாம் எதற்கு அந்த வேலை, மாதக் கடைசியோடு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர் என்றாய். அவள் சரிப்பா சரிப்பா என்றாளே தவிர என் பேரை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னாய். பாத்தீங்களாம்மா உங்க பேத்தி லட்சணத்தை என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஆமாப்பா, அவசரக்குடுக்கைதான் என்றேன். அவள் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருக்கிறாள் தம்பி. உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வயதுக்கு நான் யார் பொருளையும் தொட்டதில்லை, யார் குடும்பத்திலும் குழப்பம் பண்ணினதில்லை என்று பேசிக்கொண்டு திரிகிறவள், ஒரு வார்த்தையில் என் தப்பை அவள் தலையில் கட்டி அதன்மேல் பேரும் எழுதிவிட்டேன். அன்றையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று தலை வாருவதில்லை, குனிந்தபடியே வாரிக்கொள்கிறேன்.

அதைச் சரிசெய்கிறேன் என்று போய் இன்னொன்றையும் செய்தேன். அவளிடம் சொல்லாமல் பட்டறைக்குப் போய் ஃபோர்மேனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார், தாளில் புள்ளி வைத்து எவ்வளவு குறைந்தது என்று எழுதிக் காட்டினார், அந்தப் புள்ளிக் கணக்கு ஆறாவதில்தான் வரும் ஐயா, நான் ஐந்தாவதோடு நின்றவள் என்றேன், சிரிக்காமலிருக்கப் பார்த்தார். பிறகு சொன்னார், அம்மா இந்த ஷெட்டுக்குள்ள பாட்டியும் கிடையாது அப்பனும் கிடையாது, அளவு மட்டும்தான், யார் மூஞ்சியத் திருப்பினாலும் ஆறலைன்னா வெட்டக்கூடாது, அது அவளுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் தன் தப்புன்னு வந்து நின்னா. இங்க வேலையைக் கெடுத்தவங்க நாலு பேரைப் பாத்திருக்கேன், நானும் அதுல ஒருத்தன், நாலு பேரும் உளி உடைஞ்சுது கரண்ட்டு போச்சுன்னுதான் சொன்னோம். இவ ஒருத்திதான் தாளை நீட்டினா. இதைவிடச் சின்ன வளையத்துக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கு, கெட்டுப்போனதையே கடைஞ்சு அதுக்கு ஆக்கலாம், அதை அவகிட்டயே குடுக்கப் போறேன், நீங்க குறுக்க வராதீங்க என்றார். குறுக்கே வராதே என்று ஒரு வெளி ஆள் என்னிடம் சொல்லும்படி ஆகிவிட்டது. சாயங்காலம் பொடிசுக்குத் தெரிந்துபோய், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள், ஏன் பாட்டி, என் நல்ல பேரும் உனக்கு வேணும், என் கெட்ட பேரும் உனக்கேதான் வேணுமா என்று. நான் அவள் டிபன் பையை வாங்கிக்கொண்டு கழுவப் போனேன்.

அதனால் இந்தக் கடிதத்தை அவளுக்காகச் சிபாரிசு என்று படிக்காதே. அவள் அவசரப்பட்டது அவள் தப்பு, அதை அவளே சுமந்துகொள்கிறாள். அவசரப்படுத்தினது நான், அதைவிடப் பெரியது உன்னிடம் போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தை, அது இரண்டும் என்னுடையது. நீ பொறுப்பில்லாதவள் என்று அவளைச் சொன்னது என்னைச் சொல்ல வேண்டியது. அவள் வேலையை விடுகிற கடிதத்தை எழுதி மடித்து டிபன் பையின் பக்கவாட்டு உறையில் வைத்திருக்கிறாள், கழுவ எடுத்தபோது பார்த்தேன், அப்பா சொன்னா சொன்னதுதான் என்கிறாள். முப்பதாம் தேதி கொடுக்க வேண்டும். இது உன் கையில் கிடைக்க ஆறு நாள் ஆகும், அதற்குப் பிறகும் நாலு நாள் மிச்சம் இருக்கும். படித்த அன்றே அவளுக்குப் போன் பண்ணு, என்னிடம் கொடுக்கச் சொல்லாதே, அவளிடம் மட்டும் பேசு. அவளை இருக்கச் சொல்லு என்றுகூட நான் சொல்லவில்லை, உனக்கு என்ன தோணுதோ அதைச் செய் என்று அவளிடம் விட்டுவிடு, அது போதும். நான் பத்து நாளாக அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன், ரொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நேற்று அந்த வளையத்தைத் திரும்ப மெஷினில் ஏற்றினார்கள். முரட்டு வெட்டு முடித்துவிட்டு அஞ்சு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள், நான் நிமிர்ந்து பார்த்ததும் ஆறட்டும் என்று மட்டும் சொன்னாள். இன்றைக்குக் காலையில் போய் அளந்திருப்பாள், வெட்டியிருப்பாள். இப்போது வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள், தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. சரியாக வந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. தையல்காரி மாடியிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டாள், அவளைக் கேட்டுக்கோ, எனக்குத் தெரியாது என்றேன், கேட்டவளுக்கு மயக்கம் வராத குறை.

நீயும் மருமகளும் சின்னவனும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நீ எழுந்தால் எழுந்த இடமும் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடமும் உனக்கு நல்லதாக இருக்கட்டும். கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னேனே, போனாயா. அந்தப் போட்டோவைக் கிழித்துவிடாதே, மற்றவர்களுக்குக் காட்டவும் வேண்டாம், உன்னிடம் இருக்கட்டும். இங்கே கூடத்தில் பெரிதாக்கி மாட்டியிருந்ததை நான் கழற்றிவிட்டேன், ஆணியும் வெறும் சட்டமும் அப்படியே இருக்கின்றன, வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் பார்க்கிறார்கள். நீங்கள் மூன்று பேரும் இருக்கிற புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. பரிசு, கோப்பை, பின்னால் பெரிய கட்டிடம் எதுவும் வேண்டாம், யாரையும் சிரிக்கச் சொல்லவும் வேண்டாம். இது யார் என்று கேட்டால் என் மகன், என் மருமகள், என் பேரன் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

தலை குனிந்து எழுதி முடிக்கிற,
உன் அம்மா