முதல் நாள் வந்து நிற்பவர்கள்

நவம்பர் 21

பனிமூட்டம் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. சாலையின் இருபுறமும் பாதாம் தோப்புகள் இருக்கின்றன என்று நம்பித்தான் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். ‘வசந்த காலத்தில் முடிக்கவிருக்கும் பாடம்’ என்ற இடத்தில் ஒன்றே ஒன்று: கரிம வேதியியல், இரண்டாம் பகுதி. அதை முடிக்காமல் மூன்றாம் ஆண்டில் சேர்க்க மாட்டார்கள். எங்கள் சின்னக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள்தான் உண்டு, அதிலும் இது இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

இரவுச் சாப்பாட்டில் சித்தப்பா ஆரம்பித்தார். “ரெண்டு வருஷக் காலேஜுங்கறாங்க. நம்ம காவ் நூ நாலு வருஷமா அந்த ரெண்டு வருஷத்தைப் படிக்கிறா.”

சித்தி சோற்றை உருட்டுவதுபோல் குனிந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். முதலில் எடுக்கச் சொன்ன கணக்குப் பாடம் பல்கலைக்கழகத்தில் செல்லாது என்று தெரிவதற்குள் ஒரு வருடம் போனது. ஆய்வகத்தில் இடம் கிடைக்காமல் இன்னொன்று. இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் எப்படிச் சொல்வது? சொன்னால் சாக்குப்போல் இருக்கும்.

நவம்பர் 27

மின்னசோட்டாவிலிருந்து அம்மா. பின்னால் தம்பிகளின் கூச்சல், யாரோ சிரிப்பது, பாத்திரச் சத்தம். என் குடும்பம் மொத்தமும் ஒரு போனுக்குள் இருந்தது.

“சாப்டியா? இங்கயே வந்துடேன்டீ. இங்க மட்டும் காலேஜ் இல்லையா?”

அங்கே போனால் நான் படித்ததில் பாதிதான் கணக்கில் வரும் என்றேன். போன வருடம் அவர்கள் குடிபெயர்ந்தபோதும் இதையேதான் சொன்னேன்.

“படிச்சது படிச்சதுதானே? ஊர் மாறினா மறந்துடுமா?”

மறக்காது அம்மா. ஆனால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

டிசம்பர் 12

முதல் பகுதிக்குக் கடைசித் தேர்வு. முடிந்ததும் பேராசிரியர் கஸாபியன் கதவருகில் நின்று எல்லோரையும் நிறுத்தினார். “வசந்தத்துல பதினஞ்சு பேராவது இல்லேன்னா ரெண்டாம் பகுதியைத் தூக்கிடுவாங்க. ஞாபகம் வச்சுக்கோங்க.”

ஒரு பருவம் முழுக்க இவர்களோடு ஒரே ஆய்வகத்தில் நின்றிருக்கிறேன். டெலியாவிடம் கண்ணாடிக் குழாய் கேட்டிருக்கிறேன். என் பக்கத்து மேசை லிசாந்த்ரோ, நான் கேட்காமலே என் குடுவைகளையும் சேர்த்துக் கழுவி வைப்பான். நன்றி சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான். யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. புத்தகங்களில் வரும் மனிதர்களைப் பற்றி இதைவிட அதிகம் தெரியும்.

இன்று வாகன நிறுத்தத்தில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். நானா? நான்தான்.

“வருவேன் வருவேன்,” என்றான் லிசாந்த்ரோ. “இது இல்லாம நான் எங்க போறது? பாதாம் ஆலையிலேயே கிடந்து நானும் ஒரு கொட்டையாயிடுவேன்.”

டெலியா: “இவ்வளவு நாளா உனக்குப் பேச வராதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!”

எல்லோரும் வருகிறோம் என்றார்கள்.

டிசம்பர் 13

எல்லோரும் வருகிறார்கள்.

ஜனவரி 9

வகுப்பு ரத்து.

டீன் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல், மூன்றே வரி. போதிய மாணவர் பதிவின்மையால்.

பதிவு! கல்லூரியின் பதிவுப் பக்கத்தில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. இங்கே யாரும் முன்னாடியே பெயர் கொடுப்பதில்லை. ஆலையிலும் மருத்துவமனையிலும் அடுத்த வார ஷிஃப்ட் இந்த வாரக் கடைசியில்தான் தெரியும். அதனால் முதல் நாள் நேரே வகுப்புக்கு வந்து சுவரோரம் நிற்பார்கள். ஆசிரியர் சேர்த்துக்கொள்வார். நானே எத்தனை வகுப்பில் அப்படி நின்றிருக்கிறேன்.

பெயர் கொடுத்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் ஹ்மாங் இனத்து ஆட்களிடம், வருகிறேன் என்றவரை இரண்டாம் முறை கேட்டால் ‘என் பேச்சு போதாதா?’ என்பார்கள். அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டேன். இல்லை, பழக்கமா? கூச்சம். கூச்சத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு வருடம். என்ன செய்வேன். யாரிடம் சொல்வேன்.

ஜனவரி 12

போகாமல் இருந்திருப்பேன். வீட்டில் இருந்தால் சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிடும், அதனால் போனேன்.

ஆய்வகக் கதவு பூட்டியிருந்தது. லிசாந்த்ரோ ஆலையின் ஆரஞ்சுச் சட்டையோடு அதில் சாய்ந்து நின்றான். “என்ன, நம்மளப் பார்த்து பயந்துட்டாங்களா?”

மின்னஞ்சல் பார்க்கவில்லையா என்றேன். “அதெல்லாம் யாரு பார்க்கறா?”

டெலியா மூச்சிரைக்க வந்தாள். ஒவ்வொருவராக இன்னும் வந்தார்கள். தாழ்வாரத்தில் நடக்க வழியில்லை.

“ரத்தா? மாமியார்கிட்ட பிள்ளைங்கள விட்டுட்டு வந்திருக்கேன். அந்தம்மாகிட்ட போய் ரத்துன்னு சொன்னா, என் கல்யாணமே ரத்தாயிடும்!” என்றாள் டெலியா.

கஸாபியன் தன் பொருட்களை எடுத்துப் போக வந்தவர், எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். “இத்தனை பேரும் எங்க இருந்தீங்க?”

“இங்கதான், புரொஃபசர்,” என்றான் லிசாந்த்ரோ. “இன்னைக்குத்தானே முதல் நாள்?”

அவர் கையிலிருந்த சாவியைப் பைக்குள் போட்டார். பிறகு, “டீன் ஆபீசுக்கு வாங்க எல்லாரும். அங்க யாரும் உக்காரக்கூடாது. நின்னுக்கிட்டே இருக்கணும்.”

டீன் நல்ல மனிதர்தான். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். “நான் என்ன பண்ண முடியும்? இதுல ஒன்பது பேர்தான் இருக்காங்க.”

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். “சார், இந்தப் பக்கம் பாருங்க,” என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைய எண்ணினார். பதினெட்டு.

வகுப்பு உண்டு. ஆனால் அந்த நேரத்தை ஏற்கெனவே வேறு பாடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரியில் தொடங்கும், செவ்வாய், வியாழன், பிற்பகல் இரண்டு முதல் மாலை வரை.

லிசாந்த்ரோவின் ஷிஃப்ட் எந்த நாள் விழுந்தாலும் இரண்டு மணிக்கு.

அவன் மட்டும் பெயர் கொடுக்கவில்லை. எல்லோரும் பெயர் கொடுத்து முடிக்கும்வரை எங்களோடு நின்றுகொண்டிருந்தான். பிறகு அந்த ஆரஞ்சுச் சட்டை தாழ்வாரத்தின் கோடியில் திரும்பிப் போனது.

பிப்ரவரி 3

முதல் வகுப்பு. பக்கத்து மேசை காலி. என் குடுவைகளை நானே கழுவினேன்.

மார்ச் 5

பாதாம் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. இன்று யாரோடும் பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 24

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. இந்தப் பாடத்தில் தேறினால் என்ற நிபந்தனையோடு.

சித்தியிடம் சொன்னேன். “தூரமா?” என்றாள். கடலோரம், ஐந்து மணி நேரம் என்றேன். எழுந்து போய் மிளகாய் அரைக்க ஆரம்பித்துவிட்டாள், நான் நாளைக்கே கிளம்புவதுபோல.

சித்தப்பா கேலி எதையும் யோசிக்க முடியாமல், “ம்,” என்றார்.

சாயங்காலம் பெட்ரோல் போடும் இடத்தில் லிசாந்த்ரோ. சொல்வதா வேண்டாமா என்று நான் தடுமாறுவதற்குள் அவனே, “கிடைச்சிருச்சா? முகத்துலயே எழுதியிருக்கு,” என்றான்.

“உன்னாலதான் அந்த வகுப்பே—”

“அட, விடு. ரெண்டு வருஷம்தானே? பாதாம் மரமே மூணு வருஷம் காய்க்காம சும்மா நிக்குது. அதை யாராவது வெட்டறாங்களா?”

சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. போன் எண் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 1

தேறிவிட்டேன்.

செப்டம்பர் 29

இங்கே வகுப்பில் முந்நூறு பேர். எல்லோரும் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்.

“முதல் வருஷம் நீ எந்த விடுதியில இருந்த?” என்று ஒரு பெண் கேட்டாள். நான் இருக்கவில்லை, இப்போதுதான் வந்தேன் என்றேன். “ஓ,” என்றாள் அன்பாக. அந்த அன்பு அங்கேயே முடிந்துவிட்டது.

மூன்றாம் ஆண்டில் வந்து சேர்வது, படம் பாதி ஓடிய கொட்டகைக்குள் நுழைவது போலத்தான். யாரும் விரட்டவில்லை. இருட்டில் இடம் தேடுவது மட்டும் நம் பாடு.

சித்தியின் மிளகாய் விழுதை உணவுக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கூச்சமாக இருக்கிறது. அறையில் வெறும் சோற்றோடு சாப்பிட்டேன். கண்ணில் நீர் வந்தது காரத்தால் என்றே வைத்துக்கொள்வோம்.

நவம்பர் 17

கஸாபியனிடமிருந்து மின்னஞ்சல். வாதாடி வாங்கிவிட்டாராம்: இனி இரண்டாம் பகுதி வருடா வருடம் உண்டு, இந்த வசந்தத்திலும். காலை எட்டு மணிக்கு. ‘ஆனால் பதினைந்து பேர் விதி அப்படியே இருக்கிறது’ என்று முடித்திருந்தார்.

உடனே லிசாந்த்ரோவுக்குச் செய்தி அனுப்பினேன். ‘வரேன்!’ என்று பதில் வந்தது.

டிசம்பர் 9

மதியம் பழைய கல்லூரியின் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பதிவு செய்தவர்கள் பதினொன்று.

கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு லிசாந்த்ரோவை அழைத்தேன்.

“பேர் குடுத்தாச்சா?”

“அதான் வரேன்னு அன்னைக்கே சொன்னேனே.”

“வருவ, தெரியும். பேர் குடுத்தியா?”

எங்கள் வீட்டில் இப்படிக் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்கள்.

“இன்னும் ஷிஃப்ட் போடல, நூ. முதல் நாள் நான் நேரா—”

“இப்போ குடு. நான் போனை வைக்க மாட்டேன்.”

“எங்கம்மாவே தேவலாம்,” என்றான். பின்னால் ஓடிய இயந்திரச் சத்தம் மெல்ல அடங்கியது. வெளியே வந்துவிட்டான் போல. ரகசியச் சொல் மறந்துவிட்டது என்றான். புதிது போட்டான். முணுமுணுத்தான். நான் என் திரையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு.

“வந்துட்டேனா?”

“வந்துட்ட.”

நான் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.

“இன்னும் மூணு பேர் வேணும்,” என்றேன். “வேற யாரு வரேன்னு சொல்லியிருக்காங்க?”

ஐந்து பேரின் எண்களைச் சொன்னான். ஒருவரையும் எனக்குத் தெரியாது. முதலாவது நோயெலியா என்ற பெண்ணாம், எலும்பு மருத்துவமனையில் வேலை, நிறைய பேசுவாளாம்.

அவளை அழைத்துவிட்டேன். அங்கே மணி அடிக்கிறது.