யாழினி மெதுவாகப் படிக்கிறாள்

என் பிரியத்துக்குரிய அண்ணி,

நீங்கள் மாற்றலாகிப் போனபிறகு உங்கள் இரண்டாம் வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் அடுத்தடுத்த அறையில் பாடம் நடத்தினோம். வீட்டுக்கு வந்தும் அதையே பேசி அண்ணனிடம் திட்டு வாங்கினோம். இப்போது பேச ஆளில்லாமல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

யாழினியை உங்களுக்குத் தெரியாது. இந்த வருடம் வந்த பிள்ளை, வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் மூச்சுவிடாமல் படித்துவிடுவாள். யார் வந்தாலும் தலைமையாசிரியர் அவளைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்வார்.

ஒருநாள் ஒரு சின்னக் கதை. வானம் இருட்டியது, அம்மா ஓடிப்போய்க் களத்தில் கிடந்த நெல்லைத் தார்ப்பாயால் மூடினாள் என்று வரும். கடகடவென்று படித்து முடித்தாள். "அம்மா எதுக்கு நெல்ல மூடுனாங்க?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். பிறகு அதே வரியை மறுபடியும் படித்தாள். திரும்பக் கேட்டேன். இன்னும் சத்தமாகப் படித்தாள்.

அறுவடைக்கு ரோட்டோரம் நெல் காயப்போடுகிற வீட்டுப் பிள்ளை, அண்ணி. அவளுக்கா தெரியாது? புத்தகத்தில் இருப்பதும் தன் வீட்டில் நடப்பதும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான். எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும் என்று நாமே மேல் வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோமா?

நீங்கள் இருந்தால் கதைக்கு முன்பே பலகையில் படம் போட்டிருப்பீர்கள். எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. இருந்தாலும் மறுநாள் சாக்பீஸை எடுத்தேன். ஒரு அம்மா, ஒரு நெல் குவியல், பழக்கதோஷத்தில் மூலையில் ஒரு சூரியன்.

"டீச்சர், வெயில் அடிக்கக் கூடாது" என்றாள் யாழினி.

"ஏன்?"

"மழை வரப்போவுதுல்ல."

"மழைன்னு கதையில எங்க இருக்கு?"

மழை என்ற சொல்லே அந்தக் கதையில் இல்லை. விரலை வைத்து வரி வரியாகத் தேடி, 'வானம் இருட்டியது' என்ற இடத்தில் நிறுத்தினாள். "இதுதான் டீச்சர். இருட்டுனா மழை வரும். நெல்லு நனைஞ்சா முளைச்சிடும். எங்கம்மாவும் இப்படித்தான் ஓடுவாங்க."

அன்றிலிருந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் படம் போட்டேன். பிள்ளைகள் கதையைப் படித்துப் படித்துத் திருத்தினார்கள்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் படிக்கிறார்கள் என்று செல்போனில் நேரம் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. யாழினியை எழுப்பினார்கள். ஆடு காணாமல் போன கதை. 'பட்டியின் கதவு திறந்திருந்தது' என்ற வரியில் நின்றுவிட்டாள். தலையைத் தூக்கி, "கதவ யாரு சார் திறந்தது?" என்றாள்.

"நீ படிம்மா, டைம் ஓடுது."

போன தடவையைவிட வேகம் குறைவு என்று பதிந்துகொண்டு போனார். அவர் வண்டி கிளம்பியதும் தலைமையாசிரியர் வந்துவிட்டார். "நல்லா படிச்ச புள்ளையக் கெடுத்துட்டீங்களே டீச்சர். படம் போடுறதெல்லாம் நிப்பாட்டுங்க, பாடத்த முடிங்க."

"அவ இப்பதான் சார் படிக்கிறா" என்றேன். காதில் வாங்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்ததா அண்ணி? என்னிடம்கூடச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டீர்களா?

மறுநாள் யாழினி பழைய வேகத்தில் படித்தாள். எங்கேயும் நிற்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "கதவ யாரு திறந்திருப்பா?" என்று கேட்டேன். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"டைம் இருக்கா டீச்சர்?"

இருக்கிறது என்றேன். அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். யார் திட்டினாலும், எந்த அதிகாரி வந்தாலும், இந்த வகுப்பில் ஒரு பிள்ளை நின்று யோசிக்க நேரம் இருக்கும்.

உங்கள் நாத்தனார்,
இந்திரா