உன் அம்மாவின் மந்திரிசபை

அன்பு வாலு,

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் உன் அம்மாவிடம் நலம் என்றே சொல்லி வை. இங்கே நான் நலம். நான் என்று மட்டும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய், அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறு. போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் உன் அம்மாவின் உடம்பில் இன்னும் தேயாமல் இருப்பது காது ஒன்றுதான், அடுக்களையில் நின்று கிசுகிசுத்தாலும் உள்ளேயிருந்து பதில் வருகிறது. அதனால் அவள் தூங்கும் இந்த மதிய நேரத்தில் கணினியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிகிச்சை முடிந்து அவள் படுத்திருக்கும்போது பொழுது போகட்டும் என்று போன தடவை வந்தபோது இந்தக் கணினியில் ஓர் ஆட்டம் போட்டுக்கொடுத்தாயே, நாட்டை ஆளும் ஆட்டம், நீயே மறந்திருப்பாய், இங்கே வீடே அதில்தான் ஓடுகிறது. கை வீங்கியிருப்பதால் அவள் சாய்ந்தபடி உத்தரவு போடுவாள், நான் மவுஸைப் பிடிப்பேன். அவள் அதிபர். மந்திரிகளுக்கெல்லாம் தெரிந்தவர்களின் பெயரை வைத்துவிட்டாள். தைக்கக் கொடுத்த துணியில் மிச்சம் என்று கைக்குட்டை அளவுகூடத் திருப்பித் தராத நம் தையல்காரர் நிதி மந்திரி. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று சன்னல் திரையை விலக்காமலே சொல்லும் உன் அத்தை உளவுத்துறை. நீ வெளியுறவு. எனக்குப் பண்பாட்டுத்துறை, ஏன் என்று கேட்டதற்கு, அதுலதாங்க வேலையும் இல்ல அதிகாரமும் இல்ல, உங்களுக்குப் பழக்கப்பட்டதுதானே என்றாள்.

ஒரு தேர்தலிலும் அவள் ஜெயித்ததில்லை. திரையில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பட்டை இருக்கும், வலப்பக்கம் இழுத்தால் பணம் கூடும், இடப்பக்கம் இழுத்தால் குறையும். ஆஸ்பத்திரிப் பட்டையை அவள் வலது ஓரம்வரை இழுக்க வைத்துவிடுவாள், கஜானா காலியாகும், வரி ஏறும், ஜனங்கள் கொடி பிடிப்பார்கள், ஆட்சி கவிழும். கொஞ்சம் குறைச்சுக்கலாமே என்று பண்பாட்டுத்துறை பணிவுடன் சொன்னால், ஊசி போட ஆள் இல்லாம வராண்டாவுல உக்காந்து பாத்திருக்கீங்களா, நான் பாத்திருக்கேன், பேசாம இருங்க என்பாள். தோற்றதும் சிரிப்பாள், மறுபடி ஆரம்பிங்க என்பாள்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இனிமேல் மருந்து கேட்காது, வீட்டிலேயே வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க வேண்டியவர்களைச் சீக்கிரம் வரச்சொல்லுங்கள் என்றார். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரத்தம் கொஞ்சம் கம்மியாம், ஓய்வெடுத்தால் சரியாகிவிடுமாம் என்று வழியெல்லாம் கதைவிட்டேன், பொய் சொல்லும்போது எனக்குப் பேச்சு கூடும் என்பது உனக்குத் தெரியும், டாக்ஸிக்காரரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தைப் போடச் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பட்டையைக் குறைங்க என்றாள். ஒரு துளி நகர்த்தினேன். இன்னும் என்றாள். இன்னும், அடிவரைக்கும். எதுக்கு என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போடுங்க, அங்க இருக்கறதுங்களுக்கு இன்னும் நாள் கெடக்கு என்றாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது வாலு. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றேன், சத்தம் கேட்கக்கூடாதே என்று.

திரும்பி வந்தால், வெளியுறவுக்குச் சொல்லாதீங்க, வேலை நிரந்தரமாகிற நேரம், இப்ப லீவு போட்டா அந்த நாற்காலியில வேற ஆள உக்காரவெச்சுடுவாங்க என்றாள். தலையாட்டிவிட்டேன். இத்தனை வருடத்தில் அவள் பேச்சை நான் மீறியதே இல்லை, மீறியதாக நான் நினைத்துக்கொண்டதெல்லாம் போனால் போகட்டும் என்று அவள் விட்டுக்கொடுத்தது. இது ஒன்றை நிஜமாகவே மீறுகிறேன். அந்த வேலை போனால் இன்னொன்று தேடலாம், கிடைக்காவிட்டால் ஆயுளுக்கும் என்னைத் திட்டிக்கொள்.

கிளம்பி வா. டிக்கெட் எடுத்ததும் எனக்கு மட்டும் தகவல் அனுப்பு. லீவு தானாகக் கிடைத்தது என்று அவளிடம் சொல், நம்பமாட்டாள், பரவாயில்லை, உன்னைத் திட்டுவதற்காகவாவது எழுந்து உட்காருவாள். முகம் ரொம்பச் சின்னதாகிவிட்டது, பார்த்ததும் வாசலிலேயே அழுதுவிடாதே. வழியில் பட்டினி கிடக்காமல் எதையாவது சாப்பிடு. எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நல்லபடியாக வந்து சேர். இன்று காலை கண்ணை மூடியபடியே வாலு என்று என்னைக் கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை, என்னம்மா என்று கேட்டேன். சும்மாதான், இருக்கியான்னு பாத்தேன் என்றாள். நாளைக்கும் கூப்பிடுவாள். உன் குரல் எனக்கு வராது.

இப்படிக்கு,
உன் அப்பா