சைலன்சர் வாயில் வைத்த கை

12.7.1999, திங்கள்

செங்கல் சூளை முருகேசனின் ஜீப்பை இன்று ஒருவழியாக முடித்துக் கொடுத்தேன். பாலாற்று மணலில் ஓட்டுவதற்காகப் பெரிய ஏர் ஃபில்டரும் அகலமான சைலன்சரும் போட்டிருந்தான். காற்று கூடிப்போய், பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறியது. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஸ்க்ரூவை எப்போதும் சத்தத்தைக் கேட்டுத்தான் திருப்புவேன். இன்றும் திருப்பினேன். சரியாகிவிட்டது என்று நிமிர்ந்தேன்.

"இன்னாபா, இன்னும் மிஸ் ஆயிக்கினு கீதே, உனக்குக் கேக்கலியா?" என்றான் முருகேசன்.

"கேக்குது" என்றேன். கேட்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய், சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தேன். புகை விட்டு விட்டு அடித்தது. "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று கத்தினேன். புகை சீராக வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"என்னையே மெக்கானிக் ஆக்கிட்டியேபா" என்று சிரித்துவிட்டு ஓட்டிப் போனான்.

வீட்டில் மனைவி வசந்தா என் கையைப் பார்த்தாள். சிவந்திருந்தது. "சைலன்சர் சுட்டுடுச்சி" என்றேன். பிறகும் ஏதோ கேட்டாள். தலையாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவள் இன்னும் பக்கத்திலேயே நிற்கிறாள். தலையாட்டிப் பதில் சொல்லும் கேள்வி இல்லை போலிருக்கிறது.