இடது கன்னத்து மச்சம்

மாதா துணை.

கென்ட், 1899 ஆகஸ்ட் 3

அன்புள்ள லீவனுக்கு,

நான் சுகம். நீங்களும் பிரஸ்ஸல்ஸில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். இதற்கு மேல் நல்ல வார்த்தை எழுத இன்று எனக்கு வரவில்லை.

ரொட்டிக்கடை சிடோனியின் தம்பி உங்கள் கண்காட்சிக்குப் போய்வந்தான். அதைப் பற்றி வந்த பத்திரிகையையும் கொண்டுவந்தான். அதில் நீங்கள் செப்புத்தகட்டில் ஊசியால் கீறி அச்செடுத்த படம். கார்னிவல் கூத்து முகமூடி போட்ட ஒருவன் மடியில் ஒரு பெண் உட்கார்ந்து, கையில் கோப்பையுடன், வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். முகம் என்னுடையது.

கடையில் பத்துப் பேர் முன்னால் சிடோனி கேட்டாள்: "ஏன்க்கா, கோயில்ல குடுத்த வியாகுல மாதா படத்துலயும் நீதான், இதுலயும் நீதானா? வாரத்துல எந்த நாள் எது?" எல்லோரும் சிரித்தார்கள். நான் ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன்.

நேற்றுப் பங்குச்சாமியார் கூப்பிட்டனுப்பினார். "ஆகஸ்ட் பதினைஞ்சு பவனியில மாதா கொடிய இந்த வருஷம் வேற யாராச்சும் பிடிக்கட்டுமே, கொலெட்டா" என்றார். பதினோரு வருஷமாக நான் பிடித்த கொடி.

மாதா படத்துக்கு நீங்கள் கேட்டீர்கள், உட்கார்ந்தேன். இதற்கு எப்போது கேட்டீர்கள்? பதில் உடனே வேண்டும்.

உங்கள்,
கொலெட்டா

*

பிரஸ்ஸல்ஸ், ஆகஸ்ட் 6

என் கண்ணான கொலெட்டாவுக்கு,

உன் கடிதம் வந்தது. காகிதமே சுடுகிறது! கொஞ்சம் ஆறப்போடு.

அது நீ இல்லையடி. இங்கே கூலிக்கு உட்காரும் ஒரு பெண். ஏதோ சாயல், அவ்வளவுதான். படத்தை நன்றாகப் பார், அவள் மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது. உன்னுடையது இடது. சாமியாரிடம் இதைக் காட்டு, கொடி தானாக வரும். சிடோனிக்கும் சொல், அவளுக்கும் வாய் அடங்கும்.

இங்கே எல்லோரும் அந்தச் சிரிப்பைத்தான் பேசுகிறார்கள். சிரிப்பை இப்படி எவனும் வரைந்ததில்லையாம். இருபது பிரதிதான் என்று அறிவித்திருந்தோம், இருபதும் போய்விட்டது. இன்னும் முப்பது கேட்கிறார்கள். தகடு அங்கே வீட்டில் பச்சைப் பெட்டியில், குளிர்கோட்டுக்கு அடியில் இருக்கிறது. கம்பளித் துணியில் சுற்றி ரயிலில் அனுப்பு. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்வோம். ஓவியத்தில் எது சரி எது தப்பு என்பது சாமியார்களுக்கும் உனக்கும் புரிகிற விஷயம் இல்லை.

முத்தங்களுடன்,
லீவன்

*

மாதா துணை.

கென்ட், ஆகஸ்ட் 9

லீவனுக்கு,

பதினாலு வருஷம் உங்கள் தகடுகளுக்கு மை பூசி, உள்ளங்கையால் துடைத்து, அச்சு உருளையில் கொடுத்து இழுத்தவள் நான்; இந்த ஒன்றை மட்டும் எனக்குத் தெரியாமல் நீங்களே இழுத்திருக்கிறீர்கள். தகட்டில் வலம் என்றால் தாளில் இடம் என்பது எனக்குத் தெரியாதா? மாதா படத்துக்குக் கண்ணாடி வைத்து, அதற்குள் என்னைப் பார்த்து வரைந்தீர்கள். அதனால் மச்சம் சரியாக விழுந்தது. கண்ணாடி இல்லாமல் என்னை நேராகப் பார்த்துக் கீறினால்தான் என் மச்சம் தாளில் வலது கன்னத்துக்குப் போகும்.

பிப்ரவரியில் பூனை மாவுத்தொட்டியில் விழுந்து பேய்மாதிரி வெள்ளையாக எழுந்து ஓடியதே, நினைவிருக்கிறதா? நான் விலா நோகச் சிரித்தேன். நீங்கள் மேசையில் தகடும் ஊசியுமாக இருந்தீர்கள். "என்ன செய்றீங்க?" என்றேன். "ஊசி கூரா இருக்கான்னு பாக்குறேன்" என்றீர்கள்.

கூராகத்தான் இருந்திருக்கிறது.

வெளியில் நான் வாய்திறந்து சிரித்ததில்லை. உங்கள் முன்னால் மட்டும்தான். அதை எடுத்துப்போய் ஒரு குடிகாரன் மடியில் வைத்தீர்கள். பிறகு அது நானே இல்லை என்று எனக்கே எழுதுகிறீர்கள். உங்களுக்காக நான் கோயிலில் பொய் வேறு சொல்ல வேண்டுமா?

சாமியாரிடம் போனேன். "படத்துல இருக்கறது நான்தான் சாமி. பூனை மாவுல விழுந்ததுக்குச் சிரிச்சேன். மடியும் கோப்பையும் அவரு சேத்தது" என்றேன். அவர், "பூனைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். கொடி கொடுக்கவில்லை. பரவாயில்லை, மெழுகுவர்த்தியோடு கடைசி வரிசையில் நடப்பேன், முகத்தை மூடாமல்.

தகடு பச்சைப் பெட்டியில்தான் இருந்தது. சொன்ன பிரதிகள் முடிந்தால், இனி யாரும் அச்செடுக்க முடியாதபடி தகட்டைக் குறுக்கே கீறிவிட வேண்டும், கீறியதற்குச் சாட்சியாக ஒரு பிரதி எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். ஒவ்வொரு தடவையும் "மனசு வரலடி, நீயே கீறு" என்று ஊசியை என் கையில் கொடுத்ததும் நீங்கள்தான். இருபது முடிந்தது. கீறிவிட்டேன். முகமூடிக்காரன் மேல் ஒரு கோடு, கோப்பை மேல் ஒரு கோடு, இரண்டும் தகட்டின் ஓரம்வரை. மை பூசி ஒன்று இழுத்தேன், இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எழுதிவரும் பிரதிப் புத்தகத்திலும் பதிந்துவிட்டேன்: இருபத்தொன்று, கடைசி.

முகத்தில் மட்டும் ஊசி படாமல் பார்த்துக்கொண்டேன். அது என்னுடையது.

எப்போது வந்தாலும் வீட்டில் சூப்பும் ரொட்டியும் இருக்கும். சிரிப்பு இருக்காது.

கொலெட்டா